உசாத்துணை ஆவணமும் திருத்துவோர் உரிமையும்: விம் உரைத்தொகுப்பியின் நிரல்மொழிக் கையேடு பற்றிய ஒரு நோக்கு

1

திறனாய்வு என்றதும் கவிதை, நாடகம், நாவல், சிறுகதை ஆகிய ஆக்க இலக்கிய வடிவங்களே நம் கவனத்துக்கு வருகின்றன. அகராதி, இலக்கண நூல், கையேடு முதலியன ஆய்வாளருக்குத் துணைசெய்யும் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றனவேயன்றித் தம்மளவில் திறனாய்வுக்குரிய எழுத்துக்களாக மதிக்கப்படுதல் அரிது. பயன்படும்வரை அவை பற்றி எவரும் பேசுவதில்லை; பிழை காணப்படும்போது மட்டும் எழுதியவர் குறைகூறப்படுகிறார். கணினி மென்பொருள்களுக்கென எழுதப்படும் உசாத்துணை ஆவணங்களைப் பொறுத்தவரையில் இந்நிலைமை மேலும் வலுவாக உள்ளது. செய்நிரலை ஆக்கியவர் படைப்பாளி எனவும், அது எவ்வாறு இயங்குகிறது என்பதை எழுதியவர் வெறும் எழுதுவினைஞர் எனவும் கருதும் மனப்பாங்கு பரவலாகக் காணப்படுகிறது. அவர் எழுதியதைப் பின்னர் வரிவரியாகத் திருத்துபவருக்கோ ஒரு பெயர்தானும் இல்லை.

இப்பாகுபாடு பொருத்தமற்றது என்பதையும், ஓர் உசாத்துணை ஆவணத்தின் உண்மைத்தன்மை அதனை முதலில் எழுதியவரைக் காட்டிலும் தொடர்ந்து திருத்துவோரிலேயே தங்கியுள்ளது என்பதையும் ஓர் எடுத்துக்காட்டு வாயிலாக நிறுவ முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது ‘விம்’ என்னும் உரைத்தொகுப்பியின் நிரல்மொழிக்குரிய கையேடு. ஒப்புநோக்கும் பொருட்டு ‘ஈமாக்ஸ்’ என்னும் பிறிதோர் உரைத்தொகுப்பியின் கையேடும் ஆங்காங்கே எடுத்துக்கொள்ளப்படும்.

2

உரைத்தொகுப்பி என்பது எழுத்துக்களைக் கணினியில் உள்ளிடவும், திருத்தவும், ஒழுங்குபடுத்தவும் உதவும் மென்பொருள். பெரும்பாலான உரைத்தொகுப்பிகள் ஆக்கியோர் வகுத்த கட்டளைகளோடு நின்றுவிடுகின்றன. ஆனால் விம், ஈமாக்ஸ் ஆகிய இரண்டும் தத்தமக்கெனச் சிறப்பான நிரல்மொழிகளைக் கொண்டவை. அம்மொழியில் எழுதுவதன் மூலம் பயனாளர் தமக்கு வேண்டிய புதிய கட்டளைகளைத் தாமே ஆக்கிக்கொள்ளலாம். எனவே இவற்றைப் பயன்படுத்துவோர் வெறும் நுகர்வோரல்லர். கருவியைத் தம் தேவைக்கேற்ப மாற்றியமைக்கும் ஆற்றல் பெற்றவர்கள். ஆயின் அவ்வாற்றல் நடைமுறையில் கைகூடுவது அம்மொழியின் கையேடு எந்த அளவுக்குத் தெளிவாகவும் சரியாகவும் உள்ளது என்பதைப் பொறுத்ததே.

ஈமாக்ஸ் 1976 இல் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் தோற்றம் பெற்றது. றிச்சர்ட் ஸ்ரோல்மன் அதனைப் புதிதாக எழுதி, குனூ ஈமாக்ஸ் என்னும் பெயரில் 1985 இல் வெளியிட்டார். லிஸ்ப் மொழியின் ஒரு வகையே அதன் நிரல்மொழி. விம், நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலெனார் ஆக்கியது. பில் ஜோய் 1976 இல் எழுதத் தொடங்கிய ‘வி’ என்னும் தொகுப்பியை அடியொற்றி உருவாகி, அமிகா கணினிக்கென 1991 இல் முதன்முதலாகப் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. 1998 இல் வெளிவந்த 5.0 ஆம் பதிப்பில் அதன் நிரல்மொழி உருப்பெற்றது. 2006 இல் 7.0 ஆம் பதிப்பு அதனைப் பெரிதும் விரிவாக்கியது. 2022 இல் 9.0 ஆம் பதிப்பு, பழைய மொழியைக் கைவிடாமலே அதன் அருகில் ‘விம்9’ என்னும் புதிய வடிவத்தைச் சேர்த்தது.

விம்மின் ஆவணம் இரு பெரும் பகுதிகளைக் கொண்டது. ஒன்று பயனாளர் கையேடு. முதலிலிருந்து இறுதிவரை வாசித்துக் கற்பதற்குரியது. 2001 இல் அச்சில் வெளிவந்த ஒரு நூலின் பகுதிகள் இதற்கு ஆதாரமாயின. மற்றது உசாத்துணைக் கையேடு. ஐயம் எழும்போது எடுத்துப் பார்ப்பதற்குரியது. முன்னையது ஆசிரியரின் இடத்தில் நிற்கிறது. பின்னையது நீதிநூலின் இடத்தில் நிற்கிறது. முன்னையதில் ஒரு நுட்பம் விடுபடின் அது கற்பித்தலுக்கான எளிமை எனக் கொள்ளப்படலாம். பின்னையதில் விடுபடின் அது குறையேயாகும்.

எழுத்தென்ற வகையில் இவ்வுசாத்துணைக் கையேட்டின் சிறப்புக்கள் வெளிப்படையானவை. வாக்கியங்கள் சிறியன; விளம்பரத் தொனியற்றன. ஒவ்வொரு சார்புக்கும் அது பெறுவது யாது, தருவது யாது, எப்போது பிழை எழும் என்பன முறையாகக் கூறப்படுகின்றன. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடையாளம் இடப்பட்டு, அதனைக் குறிப்பிடும் இடங்களிலிருந்து அதற்குச் செல்ல வழி செய்யப்பட்டுள்ளது. இவையனைத்தும் மென்பொருளோடு சேர்ந்தே வருவதால், இணையத் தொடர்பற்ற ஒருவரும் தம் கணினியிலேயே வாசிக்கலாம். அருகில் ஆசிரியரோ அனுபவம் மிக்க நண்பரோ இல்லாத மாணவருக்கு இது சாதாரணமான வசதியன்று. பெருநகர்களின் ஆய்வுகூடங்களில் வாய்மொழியாகப் பரிமாறப்படும் அறிவு, அங்கு செல்லமுடியாதவரை எழுத்தின் மூலமே அடைகிறது. ஆகவே அவ்வெழுத்தில் உள்ள பிழையின் சுமையும் அவர் மீதே கூடுதலாக விழுகிறது.

3

உசாத்துணை ஆவணமொன்றில் நேரும் குறைகளை மூவகையாகப் பிரித்து நோக்கலாம்.

முதலாவது, வடிவம் பற்றிய குறை. எழுத்துப்பிழை, இல்லாத இடத்தைச் சுட்டும் இணைப்பு, ஒரே அடையாளம் இருமுறை இடப்படுதல் என்பன இவ்வகையின. இவற்றுட் சிலவற்றைப் பொறியே கண்டுபிடிக்கும். விம்மில் அடையாளங்களைத் தொகுக்கும் கட்டளையை இயக்கினால், இரட்டித்து வந்த அடையாளத்தை அது பிழையெனச் சுட்டும். ஈமாக்ஸிலும் விளக்க வாக்கியங்களின் அமைப்பைச் சோதிக்கும் கருவி ஒன்று உண்டு. ஆனால் எந்தப் பொறியும் ஒரு வாக்கியம் உண்மையானதா எனச் சோதிப்பதில்லை.

இரண்டாவது, காலம் பற்றிய குறை. செய்நிரல் மாறியிருக்கும், ஆவணம் பழைய நிலையையே கூறிக்கொண்டிருக்கும். இதனைத் தவிர்ப்பதற்கு ஈமாக்ஸ் ஒரு வழியைக் கைக்கொண்டது. ஒவ்வொரு சார்பின் வரைவிலக்கணத்துக்குள்ளேயே அதன் விளக்கமும் ஒரு சரமாக எழுதப்படுகிறது. சார்பை மாற்றுபவரின் கண்முன்னே விளக்கம் இருப்பதால் அதனையும் மாற்றவேண்டிய கடமை அவருக்கு நினைவூட்டப்படுகிறது. எனினும் இதனால் சிக்கல் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. சார்புக்குள் இருக்கும் விளக்கம் வேறு. 1990 அளவில் தொகுக்கப்பட்டு இன்றுவரை வளர்ந்துவரும் ஈமாக்ஸ் லிஸ்ப் உசாத்துணைக் கையேடு வேறு. ஒன்றைத் திருத்தியவர் மற்றையதை மறந்துவிடலாம். இதற்காகவே, புதிய பதிப்பின் மாற்றங்களைப் பட்டியலிடும் கோப்பில் ஈமாக்ஸ் ஆக்குநர் ஒரு குறியீட்டு முறையைப் பின்பற்றுகின்றனர். உரிய கையேடுகள் யாவும் திருத்தப்பட்டுவிட்டால் அம்மாற்றத்தின் தலையில் மூன்று கூட்டற்குறிகள் இடப்படும். கையேட்டில் மாற்றம் தேவையில்லையெனின் மூன்று கழித்தற்குறிகள் இடப்படும். குறியெதுவும் இல்லாத பதிவு, எவரோ ஒருவர் இன்னும் செய்யவேண்டிய வேலை எஞ்சியுள்ளது என்பதைக் காட்டும். பதிப்பு வெளிவருமுன் இக்குறிகள் அகற்றப்பட்டுவிடும். கட்டடம் எழுந்தபின் சாரம் அகற்றப்படுதல் போன்றது இது. உழைப்பு நிகழ்ந்தது, அதன் தடயம் வாசகர் கண்ணில் படுவதில்லை.

ஈண்டு ஒரு கேள்வி எழுகிறது. ஆவணமும் செய்நிரலும் முரண்படும்போது திருத்தப்படவேண்டியது எது? செய்நிரலே உண்மை, ஆவணம் அதன் நிழல் எனக் கொண்டால் ஆவணத்தைத் திருத்துவதே விடையாகும். ஆனால் நடைமுறை அவ்வளவு எளிதன்று. ஆவணத்தை நம்பிப் பலர் தம் நிரல்களை எழுதியிருப்பர். அந்நிலையில் ஆவணம் ஒரு வாக்குறுதியாகிவிடுகிறது. அதனை மீறும் செய்நிரலே வழுவுடையதாகிறது. மறுதலையாக, செய்நிரலின் ஒரு குறைபாடு நீண்டகாலம் நிலைத்து ஆவணத்திலும் எழுதப்பட்டுவிட்டால், அக்குறைபாடே விதியாகிவிடுகிறது.

விம்மின் பழைய நிரல்மொழியில் இரு சரங்களை ஒப்பிடும் முறை இதற்கு நல்ல சான்று. தேடும்போது ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைக் கவனியாது விடுமாறு பயனாளர் ஒரு தெரிவை அமைத்துக்கொள்ளலாம். இத்தெரிவு தேடலை மட்டுமன்றி, நிரல்மொழியில் இரு சரங்கள் சமமா என ஒப்பிடும் குறியையும் பாதிக்கும். இதனால் ஒருவர் எழுதிய நிரல் தம் கணினியில் ஒரு விதமாகவும், வேறு தெரிவை அமைத்த மற்றொருவரின் கணினியில் வேறு விதமாகவும் இயங்க நேரிடும். கையேடு இதனை மறைக்கவில்லை. தெளிவாகக் கூறி, தெரிவுக்குக் கட்டுப்படாத வேறு இரு ஒப்பீட்டுக் குறிகளையும் காட்டுகிறது. ஆயினும் எழுதப்பட்டுவிட்டமையால் அந்நடத்தை மாற்றமுடியாததாயிற்று. 2022 இல் விம்9 வடிவம் வந்தபோதே ஒப்பீடு அத்தெரிவின் பிடியிலிருந்து விடுபட்டது. அதுவும் புதிய வடிவத்தில் எழுதுவோருக்கு மட்டும். பழையது பழையவாறே நிற்கிறது. எனவே இன்றைய கையேடு ஒரே பொருள் பற்றி இருமொழி பேசவேண்டிய நிலையில் உள்ளது. ஓர் எடுத்துக்காட்டை வாசிப்பவர் அது எவ்வடிவத்துக்கு உரியது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பல சார்புகளின் விளக்கத்திலும் இவ்வேறுபாட்டை நுழைக்கவேண்டிய பணி திருத்துவோர் தலையில் விழுந்துள்ளது.

நம்முடைய பதிப்பு மரபோடு இதனை ஒருகணம் ஒப்பிடலாம். ஏட்டுச்சுவடிகளைப் பரிசோதித்து அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் பாடபேதங்களுக்கிடையே மூலபாடத்தைத் தேடினர். அவர்கள் தேடிய மூலம் பழமையில் உறைந்து கிடந்தது. மென்பொருள் ஆவணத்தைத் திருத்துபவரின் மூலமோ நாடோறும் மாறிக்கொண்டிருப்பது. முடிந்த முடிபான பதிப்பு என ஒன்று அவருக்கு இல்லை. ஆகவே அவர் பணி ஒருமுறை செய்து முடிக்கும் பதிப்புப் பணியன்று. இடையறாத பராமரிப்பு ஆகும்.

4

மூன்றாவது வகைக் குறையே மிகவும் நுட்பமானது. ஆவணத்தில் பொய் எதுவும் இராது. செய்நிரலும் சரியாகவே இயங்கும். எனினும் வாசகர் தவறான இடத்துக்கு வழிகாட்டப்படுவார். இதனை விளக்கத் தமிழ் எழுத்துக்கள் நேரடியாகச் சம்பந்தப்படும் ஓர் இடத்தையே எடுத்துக்கொள்வோம்.

‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்துக்கள் எத்தனை? த, மி, ழ் என மூன்று என்பதை இலக்கணம் அறிந்தவர் மட்டுமன்றிப் பாலர் வகுப்பு மாணவரும் கூறுவர். ஆனால் ஒருங்குறி முறையில் இச்சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாகப் பதியப்படுகிறது. இகரக் குறியும் புள்ளியும் தனித்து நில்லாது முன்னுள்ள எழுத்தைச் சார்ந்து வருவன. இவற்றைச் சார்குறிகள் என்போம். யூ.ரி.எஃப்.–8 எனப்படும் சேமிப்பு முறையில் இக்குறியீடுகள் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுக்களைக் கொள்வதால், சொல் முழுவதும் பதினைந்து பைட்டுக்களாகிறது. ஆகவே ஒரே சொல்லின் நீளம் பதினைந்து, ஐந்து, மூன்று என மூவகையாகக் கணிக்கப்படக்கூடியது. மூன்றும் தத்தம் நோக்கில் சரியானவையே.

விம்மின் நிரல்மொழியில் சரமொன்றின் நீளத்தை அறிய ‘ஸ்ட்ர்லென்’ என்னும் சார்பு உண்டு. அது பைட்டுக்களை எண்ணுகிறது. எனவே ‘தமிழ்’ என்பதற்குப் பதினைந்து என விடை தரும். எழுத்துக்களை எண்ண விரும்புவோருக்கு அச்சார்பின் பழைய விளக்கத்தில் ஒரு வழி கூறப்பட்டிருந்தது. ஒவ்வோர் எழுத்தையும் ஓர் ஆங்கில எழுத்தால் பதிலிட்டு, அதன்பின் நீளத்தை அளவிடுக என்பதே அது. சுற்றுவழிதான், ஆயின் சார்குறிகள் எண்ணப்படமாட்டா என்னும் எச்சரிக்கை அடைப்புக்குறிக்குள் உடன் தரப்பட்டிருந்தது. அவ்வழியில் சென்ற தமிழருக்கு மூன்று என்னும் சரியான விடை கிடைத்தது.

2010 இல் வெளிவந்த 7.3 ஆம் பதிப்பில் எழுத்துக்களை எண்ணுவதற்கென ‘ஸ்ட்ர்சார்ஸ்’ என்னும் தனிச்சார்பு சேர்க்கப்பட்டது. இது சார்குறிகளையும் தனித்தனியே எண்ணுவது. ‘தமிழ்’ என்பதற்கு ஐந்து என்னும் விடையைத் தருவது. 2015 இல், சார்குறிகளை விலக்கி எண்ணுமாறு பணிக்க ஒரு தெரிவு இச்சார்புக்கு அளிக்கப்பட்டது. 2021 இல், சார்குறிகளை எண்ணாது விடும் ‘ஸ்ட்ர்சார்லென்’ என்னும் வேறொரு சார்பும் வந்து சேர்ந்தது. இவையெல்லாம் வரவேற்கத்தக்க வளர்ச்சிகள். இவற்றுக்கேற்ப ஆவணமும் திருத்தப்பட்டது. பழைய சுற்றுவழி ‘ஸ்ட்ர்லென்’ விளக்கத்திலிருந்து நீக்கப்பட்டு, பல பைட்டு எழுத்துக்களை எண்ண விரும்பின் ‘ஸ்ட்ர்சார்ஸ்’ சார்பைப் பயன்படுத்துக என்னும் சுருக்கமான வழிகாட்டல் அவ்விடத்தில் இடப்பட்டது. 9.0 ஆம் பதிப்பிலும் அவ்வாறே உள்ளது.

இத்திருத்தத்தைத் திறனாய்வு நோக்கில் பார்ப்போம். நடை செம்மையுற்றது, தேவையற்ற தந்திரம் அகன்றது, கூறப்பட்டதில் பிழை இல்லை. ஆயினும் அடைப்புக்குறிக்குள் இருந்த எச்சரிக்கையும் தந்திரத்தோடு சேர்ந்து அகன்றுவிட்டது. பழைய விளக்கத்தைப் பின்பற்றியவருக்கு மூன்று எனக் கிடைத்த விடை, புதிய விளக்கத்தை அவ்வாறே பின்பற்றுபவருக்கு ஐந்து என மாறுகிறது. இணைப்பைத் தொடர்ந்து சென்று ‘ஸ்ட்ர்சார்ஸ்’ சார்பின் விளக்கத்தை முழுமையாக வாசிப்பவர் உண்மையை அறிந்துகொள்வார். அங்கு அது ஒளிவுமறைவின்றிக் கூறப்பட்டுள்ளது. ஆனால் உசாத்துணைக் கையேடு முழுமையாக வாசிக்கப்படுவதன்று. தேவையான வரியை மட்டும் நோக்கி மூடப்படுவது. அவ்வரியே போதுமானதாக இருத்தல் வேண்டும்.

ஆங்கிலத்தில் மட்டும் எழுதும் ஒருவருக்கு இக்குறை என்றும் தென்படாது. சாதாரண ஆங்கிலச் சொல்லொன்றுக்குப் பைட்டு, குறியீடு, எழுத்து ஆகிய மூன்று எண்ணிக்கைகளும் ஒன்றே. பிரெஞ்சு முதலிய ஐரோப்பிய மொழிகளில் பைட்டு எண்ணிக்கை வேறுபடினும், பெரும்பாலும் ஒரு குறியீடு ஓர் எழுத்தாகவே அமைந்துவிடுகிறது. தமிழ், சிங்களம், தேவநாகரி போன்ற எழுத்து முறைகளில் எழுதுவோருக்கே மூன்றும் பிரிந்து நிற்கின்றன. எனவே குறிப்பிட்ட வாக்கியம் போதியதா, போதாததா என்பதை அறியும் வாய்ப்பு, அதனை எழுதியவரின் சூழலில் இல்லாத வாசகருக்கே உரியது. திருத்தியவரின் திறமையின்மை இதற்குக் காரணமன்று. அவரது மொழிச்சூழலே காரணம். ஓர் ஆவணம் எவ்வளவு உண்மையானது என்பது அதனை எழுதியோர் எண்ணிப்பாராத வாசகரிடத்திலேயே பரிசோதிக்கப்படுகிறது.

புதிய விம்9 வடிவத்தில் சரமொன்றின் ஓர் உறுப்பைச் சுட்டும்போது பைட்டு அன்றி, சார்குறிகளோடு கூடிய முழு எழுத்தே பெறப்படுகிறது என்பதையும் இங்கு குறிப்பிடல் தகும். பழைய வடிவத்தில் ‘தமிழ்’ என்பதன் முதலுறுப்பைக் கேட்டால் தகரத்தின் மூன்றிலொரு துண்டே கிடைத்தது. புதியதில் ‘த’ முழுமையாகக் கிடைக்கிறது. இரண்டாம் உறுப்பு ‘மி’ ஆகும். நிரல்மொழியின் நோக்கு எழுத்து என்னும் கருத்தை நெருங்கி வந்துள்ளது. ஆவணத்தின் வழிகாட்டல் வாக்கியங்களும் அவ்வாறு நெருங்கி வரவேண்டும்.

5

இத்தகைய திருத்தங்களைச் செய்வோர் யாவர்? அவர்தம் உழைப்பு எவ்வாறு மதிக்கப்படுகிறது?

விம்மின் வரலாற்றில் இதற்கு ஒரு சான்று உண்டு. மூலெனார் காலத்தில் செய்நிரலில் நிகழும் மாற்றம் ஒவ்வொன்றும் எண்ணிடப்பட்டு, சிக்கல் யாது, தீர்வு யாது என இரு கூறாக விளக்கப்பட்டு, பெரும்பாலும் அதனை அறிவித்தவர் அல்லது ஆக்கியவர் பெயரோடு பதிவு செய்யப்பட்டது. இது போற்றத்தக்க ஒழுங்கு. ஆனால் ஆவணத்தை மட்டும் தொடும் திருத்தங்கள் பெரும்பாலும் இவ்வொழுங்கிற்குள் வரவில்லை. பல கோப்புக்களின் மாற்றங்கள் ஒருங்கு சேர்க்கப்பட்டு ஒரு பொதுத் தலைப்பின் கீழ் இடப்பட்டன. எவ்வரியை எவர் எக்காரணத்தால் மாற்றினார் என்பதை அப்பதிவிலிருந்து அறிதல் கடினம். பல ஆண்டுகளாகத் தனியொருவரே யாவற்றையும் வாங்கி, சோதித்து, சேர்க்கவேண்டியிருந்த நிலையில் இது இயல்பாகவே நேர்ந்தது. அவர் எவரையும் புறக்கணிக்கக் கருதினார் எனக் கொள்ளல் நியாயமாகாது. ஆயினும் விளைவு ஒன்றே. செய்நிரலின் வரலாறு எழுதப்பட்டது. ஆவணத்தின் வரலாறு பெரும்பாலும் எழுதப்படாது போயிற்று. மேலே நாம் கண்ட அடைப்புக்குறி அகன்ற கதை போன்றவற்றைப் பதிப்புக்களை ஒப்புநோக்கியே மீட்டெடுக்க வேண்டியுள்ளது.

மூலெனார் 2023 ஓகஸ்ற் 3 ஆம் நாள் காலமானார். கிறிஸ்ரியான் பிரபான்ட் முதன்மைப் பராமரிப்பாளராகப் பொறுப்பேற்க, பலர் கூடிப் பணியைத் தொடர்ந்தனர். 2024 சனவரி 2 ஆம் நாள் வெளிவந்த 9.1 ஆம் பதிப்பு மூலெனாரின் நினைவுக்கு உரித்தாக்கப்பட்டது. இக்காலப்பகுதியில் ஆவணத் திருத்தங்களும் தனித்தனியே, காரணத்தோடும் திருத்தியவர் பெயரோடும் பதிவு செய்யப்படும் வழக்கம் ஏற்பட்டது. இது நிருவாக மாற்றம் மட்டுமன்று. ஆவணத்தைத் திருத்துதலும் செய்நிரலைத் திருத்துதலோடு ஒப்பவைத்து எண்ணத்தக்க உழைப்பே என்னும் ஒப்புதல் அதில் அடங்கியுள்ளது.

9.1 ஆம் பதிப்பின் உசாத்துணைக் கோப்புக்களின் தலைப்பில் மூலெனாரின் பெயரே நின்றது. மூலஆசிரியரை நினைவுகூர்தல் முறையே. ஆனால் அப்பெயருக்குக் கீழே உள்ள எழுத்து, மறைந்த ஒருவரின் முடிவுற்ற நூலன்று. உயிரோடிருக்கும் பலர் மாற்றிக்கொண்டிருக்கும் கூட்டு ஆக்கம். தனிமனிதரின் பெயரில் வழங்கும் பேரெழுத்துக்கள் பலவற்றின் பின்னே கூட்டு உழைப்பு மறைந்திருப்பதை இலக்கிய வரலாற்று மாணவர் நன்கறிவர். கணினியுகம் இவ்வுண்மையை மாற்றிவிடவில்லை. ஒரு நன்மையை மட்டும் தந்துள்ளது: விரும்பினால் ஒவ்வொரு வரியின் வரலாற்றையும் பேணமுடியும். பேணுவதா இல்லையா என்பது கருவியின் இயல்பைச் சார்ந்ததன்று, மனிதரின் தீர்மானத்தைச் சார்ந்தது.

6

திருத்தும் உழைப்பு மதிக்கப்படுவது போலவே, திருத்தும் உரிமையும் உறுதிசெய்யப்படல் வேண்டும். இதனைக் கொள்கையளவில் தெளிவாக எடுத்துரைத்தவர் ஸ்ரோல்மன். செய்நிரலை மாற்றும் சுதந்திரம் உடையவருக்கு அதன் கையேட்டை மாற்றும் சுதந்திரமும் வேண்டும். இன்றேல் மனச்சாட்சியுள்ள ஒரு நிரலாளர் தம் மாற்றத்துக்குப் பொருந்தாத கையேட்டோடு மென்பொருளை வழங்கும் நிலைக்குத் தள்ளப்படுவார் என்பது அவர் வாதத்தின் சாரம். இந்நோக்கத்தோடு குனூ கட்டற்ற ஆவண உரிமம் 2000 இல் வெளியிடப்பட்டது.

எனினும் அவ்வுரிமத்திலேயே ஒரு முரண்பாடு இருந்தது. மாற்றக்கூடாத பகுதிகள் என ஆசிரியர் சிலவற்றை ஒதுக்கிவைக்க அது இடமளித்தது. அத்தகைய பகுதிகள் கையேட்டின் நேரடிப் பொருள் பற்றியனவாக இருத்தலாகாது என்னும் கட்டுப்பாடு இருந்தபோதும், மாற்றவொண்ணாமை என்னும் கருத்தே பலருக்கு உடன்பாடாகவில்லை. டெபியன் அமைப்பு 2006 இல் வாக்கெடுப்பின் மூலம், மாற்றவொண்ணாப் பகுதிகளைக் கொண்ட ஆவணங்கள் தன் சுதந்திர வரையறைக்குள் அடங்கா எனத் தீர்மானித்தது. அதன் விளைவாக ஈமாக்ஸ் கையேடுகள் டெபியனின் முதன்மைத் தொகுப்பிலிருந்து பிரித்து வைக்கப்பட்டன. கட்டற்ற கையேட்டுக்காக முதன்முதல் குரல்கொடுத்தவர்களின் கையேடே கட்டற்றதன்று எனக் கணிக்கப்பட்டமை வரலாற்றின் முரண். ஸ்ரோல்மனின் கோட்பாட்டை இம்முரண் பொய்யாக்கவில்லை. அதனை முழுமையாகக் கடைப்பிடிக்கவேண்டிய தேவையையே உணர்த்துகிறது. அதே வேளையில், பெரும்பாலான வாசகர் எதிர்கொள்ளும் தடை உரிமத்தில் இல்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. திருத்தும் உரிமை ஏட்டில் இருந்தும், ‘நான் இதனைத் திருத்தத் தகுதியுடையவனா’ என்னும் தயக்கமே பலரைத் தடுத்துநிற்கிறது.

7

இதுகாறும் கூறியவற்றிலிருந்து பெறப்படுவது யாதெனின், உசாத்துணை ஆவணம் செய்நிரலின் நிழலன்று. அதனை ஆக்கியோருக்கும் பயன்படுத்துவோருக்கும் இடையிலான உடன்படிக்கை. உடன்படிக்கை என்பதனால் இரு சாராரும் அதன் வாசகத்தைத் தீர்மானிக்கும் உரிமை உடையவராவர். வடிவப் பிழைகளைப் பொறி காணும். காலப் பிழைகளை ஆக்குநரின் ஒழுங்குமுறை காணும். மூன்றாவது வகைக் குறையை, எழுதியவரின் உலகுக்கு வெளியே நிற்கும் வாசகர் மட்டுமே காண்பார். ஆகவே அவ்வாசகரின் பங்களிப்பை ஆக்குநர் மனமுவந்து அளிக்கும் சலுகையாகக் கொள்ளுதல் தவறு. ஆவணத்தின் உண்மைக்கு அது இன்றியமையாத நிபந்தனை.

நம்மவரிடையே கணினியைப் பயன்படுத்துவோர் தொகை பெருகியுள்ளது. ஆயினும் பிறர் எழுதிய கையேட்டை இறுதி வாக்காகக் கொண்டு, அது நம் மொழிக்குப் பொருந்தாதவிடத்து நம் மொழியிலேயே குறையிருப்பதாக எண்ணும் போக்கு இன்னும் அகலவில்லை. ‘தமிழ்’ என்னும் சொல் ஐந்து எழுத்துக்களைக் கொண்டது எனக் கணினி கூறும்போது வியந்து நிற்பதோ நகைத்து ஒதுங்குவதோ பயன் தராது. அவ்விடைக்கு இட்டுச்சென்ற வாக்கியம் எது எனத் தேடி, அதனைத் திருத்தும் வாக்கியத்தை எழுதி அனுப்புவதே ஆய்வாளருக்குரிய பணி. மேற்கூறிய விளக்கத்தில் சேரவேண்டியது ஒரேயொரு வரி: ‘சார்குறிகளைத் தனித்து எண்ணாது எழுத்துக்களை மட்டும் எண்ண விரும்பின் ஸ்ட்ர்சார்லென் சார்பைப் பயன்படுத்துக.’ அதனை எழுதுவதற்குப் பெரும் நிரலாளராக இருத்தல் வேண்டியதில்லை. தமிழில் எழுத்து என்பது யாது என அறிந்திருந்தால் போதும். அவ்வறிவு நம்மிடம் உண்டு. அதனைப் பொதுவுடைமையான ஓர் ஆவணத்தில் சேர்ப்பதும் தமிழாய்வின் ஒரு கூறாகக் கொள்ளப்படும்போதே, கையேடுகளை வாசிக்கும் நிலையிலிருந்து அவற்றை ஆக்கும் நிலைக்கு நாம் உயர்ந்தவராவோம்.